கற்பூரத்தில் எரிந்த பேர்

அம்மாக்கண்ணுவைப் பற்றி எழுத எங்கள் தோட்டத்தில் கொஞ்சமும் யோக்கியதை இல்லாதவன் நான். ஆனால் அந்தக் காலத்தில் லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த ஆட்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வந்த வினையே அதனால்தான் வந்தது.

தலவாக்கலை டவுனிலிருந்து நாலு மைல் ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். நான் ஸ்டோரில், அந்தத் தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டுகிற வேலையில் இருந்தேன். சங்கத்துக் கமிட்டிக்கு செக்ரட்டரியும் நான்தான். அம்மாக்கண்ணு மூன்றாம் லயத்துக் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில், தனியாக இருந்தாள். புருஷன் மண் சரிந்து செத்துப் போனான். பிள்ளை இல்லை. கொழுந்து எடுப்பதில் பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது, நடுத்தரம்தான். ஆனால் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் சண்டை வந்தாலும், ஒருத்தி பாத்தியில் இன்னொருத்தி மாடு மேய்ந்தாலும், பெண்கள் சங்கத் தலைவரிடம் போக மாட்டார்கள். அவளிடம்தான் போவார்கள்.

ஒருமுறை ராசம்மாவும் மீனம்மாவும் ஒரு கோழிக்காக முடியைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே அது தன் கோழி என்று மாரியம்மன்மேல் சத்தியம் செய்தார்கள். அம்மாக்கண்ணு அந்தச் சத்தியங்களைக் காதிலேயே வாங்கவில்லை.

"பொழுது சாயட்டும். அவுத்து விடுங்க. எந்த வீட்டுல போயி அடையுதோ அதுதான் அதோட வீடு" என்றாள்.

லயமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. கோழி நேராக அம்மாக்கண்ணுவின் காம்பராவுக்குள் போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவளும் சிரித்தாள். பிறகு கோழியைத் தூக்கி வெளியே விட்டு, "நாந்தான் குருணை போட்டுப் பழக்கியிருக்கேன். இனிமே இந்த வழக்குல நான் பேசக் கூடாது. வேற ஆளப் பாருங்க" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டாள். தனக்கு ஒட்டு இருக்கிறது என்று தெரிந்த நிமிஷமே ஒதுங்கிவிட்டாள். படித்த எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

எங்கள் தோட்டப் பஞ்சாயத்துக்கு ஐந்து பேர். அதில் நாலு பேர் பழைய ஆட்கள். இரண்டு பேர் ஒரு பக்கம் பேசினால் மற்ற இரண்டு பேர் கட்டாயம் எதிர்ப்பக்கம்தான் பேசுவார்கள். அதனால் ஐந்தாவது ஆள் சொல்வதுதான் தீர்ப்பு. அந்த ஐந்தாவது ஆளை மாரியம்மன் கோயிலில் சீட்டுப் போட்டு எடுப்போம். ஆறு லயத்திலிருந்தும் ஒவ்வொருவர் வந்து ஒரு பேரை என் காதில் சொல்வார்கள். நான் எழுதிச் சுருட்டிச் செம்பில் போடுவேன். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்து என்னிடம் கொடுப்பார். நான் சத்தமாக வாசிப்பேன். உடனே ஆறு சீட்டும் கற்பூரத்தில் எரிந்துவிடும். யார் யார் பேர் செம்பில் கிடந்தது என்று வெளியே தெரியக் கூடாது. வராமல் போனவருக்கும் ஒரு மரியாதை இருக்கிறதல்லவா? நல்ல ஏற்பாடுதான், வாசிக்கிறவன் ஒழுங்காக இருந்தால்.

ஐம்பத்தேழாம் வருஷம் அந்த இடம் காலியானது. மூன்றாம் லயத்துக்காக வந்த ராசம்மா என் காதில், "அம்மாக்கண்ணு பேர எழுதுங்க. பொம்பளயாச்சேன்னு விட்றாதீங்க" என்றாள். நான் விடவில்லை. ஒழுங்காக எழுதிச் செம்பில் போட்டேன். அதுவரைக்கும் நான் யோக்கியன்.

அப்போது பஞ்சாயத்தில் முதலாவதாகக் காத்துக்கிடந்த வழக்கு என் தம்பி சின்னராசாவுடையது. அவனுக்கும் ஐந்தாம் லயத்து நாகலெட்சுமிக்கும் பரிசம் போட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. இடையில் தலவாக்கலையில் ஒரு கடைக்காரர் தன் மகளைக் கொடுத்துக் கடையிலும் சேர்த்துக்கொள்வதாக ஆசை காட்டினார். தம்பிக்குத் தோட்டத்துப் பெண் கசந்துபோனாள். வேண்டாம் என்று நேராகச் சொல்லத் துப்பில்லாமல், அவள் லொறி டிரைவரோடு பேசுகிறாள் என்று கதை கட்டிவிட்டான். அது பொய் என்று எனக்குத் தெரியும். அவனே என்னிடம் சொன்னான், சிரித்துக்கொண்டே சொன்னான். அங்கேயே அவனை ஓங்கி அறைந்திருக்க வேண்டும். கூடப் பிறந்தவனாயிற்றே என்று சும்மா இருந்தேன்.

கோயிலில் பூசாரி கொடுத்த சீட்டைப் பிரித்தேன். அம்மாக்கண்ணு என்று என் கையெழுத்திலேயே இருந்தது. இவள் வந்தால் கேள்வி கேட்டே தம்பியின் பொய்யைப் பிடுங்கிவிடுவாள், அந்தப் பெண்ணையே கட்டவும் வைப்பாள், கடையும் போகும் என்று ஒரு நொடியில் மனம் கணக்குப் போட்டது. வழக்கு என் தம்பியுடையது, டவுனிலிருந்து வருகிற பள்ளிக்கூட மாஸ்டரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள் என்று நான் முதலிலேயே ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை.

"பழனியாண்டி" என்று வாசித்தேன்.

பழனியாண்டி எனக்குத் தூரத்துச் சித்தப்பா. ஆனால் அம்மன் எடுத்துக் கொடுத்த பேர் என்றபின் யார் என்ன கேட்பார்கள்? பெண்கள் குலவை போட்டார்கள். அம்மாக்கண்ணுவும் போட்டாள். அவள் பேர் என் கண்ணெதிரே கற்பூரத்தில் கருகியது.

பரிசம் முறிந்தது என்று பழனியாண்டி தீர்ப்புச் சொன்னார். அதோடு நிறுத்தாமல், "பொண்ணு மேலயும் ஒரு பேச்சு இருக்கு" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. இரண்டு மாதத்தில் நாகலெட்சுமி வீட்டார் பத்துச்சீட்டு வாங்கி, இங்கே கணக்கை முடித்துக்கொண்டு அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனார்கள். அந்தப் பேச்சு அவர்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அவளைப் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பீலிக்கரை மேட்டில் உட்கார்ந்து நான் கொழும்புப் பேப்பரை எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவது வழக்கம். அடுத்த வருஷம் ஒரு நாள் பாராளுமன்றச் செய்தி பெரிதாக வந்திருந்தது. நீதவான்களை நியமிப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு நியமிக்கிறார்கள், ஒருவரை எடுத்து இன்னொருவரை ஏன் விட்டார்கள் என்று சபைக்குச் சொல்லுங்கள் என்று ஒரு அங்கத்தவர் கேட்டிருந்தார். அது அந்தரங்கம், வெளியே சொன்னால் விடுபட்டவர்களின் மானம் போகும், எடுபட்டவர்களும் ஆளுக்கு ஆள் பயப்பட வேண்டி வரும் என்று மந்திரி மறுத்திருந்தார். நாற்பத்தெட்டிலேயே எங்கள் பிரஜாவுரிமை போய்விட்டது. எங்களில் ஒருவருக்கும் வோட்டு இல்லை. பாராளுமன்றத்தைத் திட்டுவதற்கு வோட்டு எதற்கு? ஆளாளுக்குத் திட்டினார்கள். எல்லாரையும் விட நான்தான் உரக்கத் திட்டினேன். மூடி வைப்பதெல்லாம் களவு என்றேன்.

அம்மாக்கண்ணு மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரு சொல்றதுலயும் ஞாயம் இருக்கு தம்பி. விட்டுப்போன ஆளு பேரச் சொல்ல வேணாம். ஆனா எடுக்கிறத எல்லாரும் பாக்கணும். நம்ம கோயில்ல அப்பிடித்தான செய்றோம்? ஆத்தா முன்னால எடுக்கிறோம், நீங்க சத்தமா வாசிக்கிறீங்க. இத அந்த ஐயாமாருக்குச் சொல்ல ஆளு இல்ல போல. நீங்க பேப்பருக்கு எழுதுங்க."

எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் தட்டிக் கழிக்கப் பார்த்தேன், விடவில்லை. அங்கேயே எழுத வைத்தார்கள். 'எங்கள் தோட்டத்தில் இதில் ஒளிவுமறைவு கிடையாது' என்று ஒரு வரி எழுதினேன். எழுதிய கை இதோ இந்தக் கைதான். முதல் ஆளாக அம்மாக்கண்ணு பெருவிரலை மையில் அழுத்தி அதன் கீழே வைத்தாள்.

அனுப்பாமல் கிழித்துப் போட்டிருக்கலாம். அதற்கும் பயம், பேப்பரில் வரவில்லையே என்று கேட்பார்கள். தபாலில் போட்டேன். மூன்றாவது வாரம் அது பேப்பரில் வந்தே விட்டது, அடியில் என் பேரோடு. ஒவ்வொரு லயத்துக்கும் கூட்டிப்போய் ஆறு தரம் வாசிக்க வைத்தார்கள். பழனியாண்டி அந்தத் துண்டை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் காம்பராவில் சாமி படங்களோடு மாட்டினார். எனக்கு மலையிலிருந்து உருண்டு செத்துப்போகலாம் போலிருந்தது. உருளவில்லை. மறுநாள் வழக்கம்போல ஸ்டோருக்கு வேலைக்குப் போனேன்.

அப்படியே ஆறு வருஷம் ஓட்டினேன். அறுபத்து நாலில் பழனியாண்டி செத்துப்போனார். மறுபடியும் சீட்டு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். அதற்குள் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் நாலைந்து பேர் வாசிக்கக் கற்றிருந்தார்கள். கண் மங்குகிறது, அவர்களை எழுதச் சொல்லுங்கள் என்றேன். அதுவும் பொய். அன்று பகல் கொழுந்து நிறுத்து முடிந்த நேரத்தில், மலையில் கூடையைச் சாய்த்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அம்மாக்கண்ணுவிடம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் அவள் முகம் மலர்ந்தது. அதை என்னால் மறக்கவே முடியாது.

"ஆத்தா என் பேரயா எடுத்தா?" என்றாள்.

பிறகுதான் மற்றது உறைத்தது. வெற்றிலையைத் துப்பினாள்.

"ஏன் தம்பி அப்பிடிச் செஞ்சீங்க?"

"நீங்க வந்தா சின்னராசாவுக்கு அந்தப் புள்ளயவே கட்டி வச்சிருவீங்கன்னு பயந்துட்டேன்க்கா."

"நானா? வேணாம்னு சொல்றவனுக்கு எவளாச்சும் பொண்ணக் கட்டி வைப்பாளா? அவளுக்குத்தான அது சீரழிவு? பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லன்னு அவன் வாயாலயே சபையில சொல்ல வச்சிருப்பேன். அவ்வளவுதான். அப்பறம் அவன் கடைக்காரு மகள தாராளமாக் கட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்."

தம்பிக்கு ஒரு நட்டமும் வந்திருக்காது. நான் செய்த களவு எதற்குமே தேவைப்படவில்லை. அந்தப் பெண்ணின் பேரைக் கெடுத்ததுதான் மிச்சம். அம்மாக்கண்ணு என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அப்போதும் அவள் 'ங்க' போட்டுத்தான் பேசினாள்.

"எங்கிட்ட சொல்லி என்னா செய்ய? அந்தப் புள்ளகிட்ட சொல்லணும். அது இன்னமும் தன் தலையெழுத்துன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும். ஞாயித்துக்கெழம பஸ்ஸுல போவோம். நானும் வாறேன்."

சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். ஸ்டோரில் அவசர வேலை இருக்கிறது, இன்னொரு நாள் போவோம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் பூட்டிக்கிடப்பது அவளுக்குத் தெரியாதா? என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தனியாகவே ரோட்டுக்கு இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் அவளே என்னைத் தேடி வந்தாள்.

"சொல்லிட்டேன்" என்றாள்.

"என்னா சொன்னுச்சு?"

"எல்லாத்தையும் கேட்டுக்கிச்சு. அப்பறம், இத அந்த அண்ணன் ஏன் நேர்ல வந்து சொல்லலன்னு கேட்டுச்சு."

"அதுக்கு நீங்க என்னா சொன்னீங்கக்கா?" என்றேன்.

"ஒங்களுக்குக் காய்ச்சல், எந்திரிக்க முடியல, அதான் என்னைய அனுப்புனீங்கன்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு நடந்தாள்.

அத்தனை வருஷத்தில் அம்மாக்கண்ணு சொல்லி நான் கேட்ட பொய் அது ஒன்றுதான். அதையும் எனக்காகச் சொன்னாள்.