பொழுதுக்குள் தீரவேண்டிய பானை

வெண்கலப் பானையின் அடியைக் கரண்டி சுரண்டுகிற சத்தம். இப்போதும் ஏதாவது கல்யாண வீட்டின் பின்கட்டில் அந்தச் சத்தம் கேட்டால் என் கை தானாக வயிற்றுக்குப் போய்விடும். தொப்புளுக்கு மேலே, ஒரு விரல் அகலம் தள்ளி. அங்கே பிடித்துக்கொண்டு நிற்பேன். கண் மேற்கே ஓடும். வெயில் இன்னும் எவ்வளவு மிச்சம்?

செஞ்சியில் எங்கள் தெருவுக்கு வெயில் சீக்கிரம் தீர்ந்துவிடும். மேற்கே ராஜகிரி நிற்கிறது. அனந்தபுரம் பக்கத்து வயல்களில் மஞ்சள் வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருக்கும்போதே மலையின் நிழல் எங்கள் வாசலில் வந்து படுத்துவிடும். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கினால் பொழுது போனதாகத்தான் எங்கள் வீட்டுக் கணக்கு. நாங்கள் சமணர்கள். தெரு முழுக்க எங்கள் ஜனம். பொழுது போனபின் வாயில் பருக்கை படக்கூடாது. சமைத்தது ராத்திரி தங்கினால் அதில் உயிர் உண்டாகிவிடும், மறுநாள் தொடக்கூடாது. கொட்டுவது அதைவிடப் பாவம்.

அப்படியானால் மிஞ்சியது எங்கே போகும்? சோறு மாட்டுத் தொட்டிக்குப் போகும், சரி. பருப்புருண்டைக் குழம்பை எந்த மாட்டுக்கு ஊற்றுவது? தேங்காய்ப்பால் விட்ட பாயசத்தை? எங்கள் கடலை மண்டி ஆட்களுக்குக் கொடுக்கலாமென்றால் அவர்கள் அதற்குள் சைக்கிள் ஏறி சிங்கவரம் பக்கம் போயிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமென்றால் அங்கேயும் ஒருத்தி அடுப்பங்கரையில் நின்று பானையைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். ஆகவே சமைத்தவள் தின்றாள். நின்றுகொண்டே, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே, அவசர அவசரமாக, பசியில்லாமல் தின்றாள். எங்கள் தெருவில் ஆண்கள் ஒல்லியாகவும் பெண்கள் பருத்தும் இருந்ததற்குக் காரணம் தேடி யாரும் அலையவேண்டியதில்லை.

நான் எல்லோரையும்விடப் பருத்திருந்தேன். எல்லோரையும்விட நன்றாகச் சமைத்தேன்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்கு அது ஒரு வெறி. வெந்தயம் சிவக்கிறதற்கும் கருகுகிறதற்கும் நடுவே ஒரு கணம் இருக்கிறதே, அதற்காகவே பொழுது விடிகிற மாதிரி இருக்கும். வெங்காயம் பூண்டு சேராத வீடு. பெருங்காயத்தையும் மிளகையும் சுக்கையும் வைத்துக்கொண்டு எத்தனை வழி இருக்கிறதோ அத்தனை வழியும் நடந்து பார்த்தேன். கொஞ்சமாகச் சமைக்கத்தான் கை வராது. சின்னப் பாத்திரம் வைத்தால் அடுப்பு முகத்தைத் திருப்பிக்கொண்டதுபோல் இருக்கும்.

இரண்டாவது பெண் பிறந்தபின் வயிற்றில் அந்தப் புடைப்பு வந்தது. இருமினால் எலுமிச்சம்பழம்போல் துருத்தும். படுத்து விரலால் அழுத்தினால் உள்ளே போகும். புதுச்சேரிக்குப் போய்க் காட்டினோம். டாக்டர் அழுத்திப் பார்த்தார், இருமச் சொன்னார், பிறகு என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம் பேசினார்.

"ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். ஆனா இப்ப கத்தி வெச்சா இந்தச் சதையில தையல் நிக்காது. எடை குறைச்சு கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் கனமா எதையும் தூக்கக்கூடாது. வெளிய வந்தது உள்ள போகாம நின்னுட்டா உடனே வந்துடணும். குடல் மாட்டிக்கும். அப்புறம் நேரம் நம்ம கையில இல்ல."

பஸ்ஸில் திரும்பினோம். செஞ்சி மலைகள் தெரிந்ததும் அவர் சொன்னார்: "ஒரு மூட்டைக்குக் கீழ வரணும். அவ்ளோதான்."

அவருக்கு எல்லாம் மூட்டைக் கணக்கு. கடலை மண்டி வைத்திருந்தார். டாக்டர் சீட்டில் பவுண்டில் எழுதிக்கொடுத்த எடையை உடைத்த வேர்க்கடலைப் பருப்பு மூட்டையாக மாற்றிக்கொண்டார். ஊரில் ஆளை நிறுக்க வேறு தராசும் இல்லை. வாரத்தில் ஒருநாள் மண்டி ஆட்கள் போனபின் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். சாக்குத் தூசி மூக்கில் ஏறும். பலகையின்மேல் ஏறி நிற்பேன்.

"யாராவது பாத்தா?"

"பாத்தா இன்னா? கடலைய மட்டுந்தான் நிறுக்கணும்னு சட்டம் இருக்குதா?"

இரும்புத் தண்டில் குண்டைத் தள்ளுவார். தண்டு ஆடும்.

"இன்னாங்க?"

"மூட்டைக்கு மேலதான் நிக்கிது." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஈரக் கடலை. காஞ்சா தானா எறங்கும்" என்பார்.

சிரிக்கத் தோன்றாது. அந்த எலுமிச்சம்பழம் புடவைக்குள் உட்கார்ந்து நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

வீட்டில் இன்னொரு தராசு இருந்தது. அவருடைய அக்கா. புருஷன் போனபின் எங்களோடு வந்து இருந்தவர். பகலில் ஒரே வேளை சாப்பாடு என்று விரதம் எடுத்து வருஷக்கணக்காக நடத்திக்கொண்டிருந்தார். குச்சி உடம்பு. சாயங்காலம் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து பானைகளைப் பார்ப்பார். ஒரு பானையில் ஒரு கரண்டி மிஞ்சினாலும் தெரிந்துவிடும்.

"இன்னா, மூடி வெக்கிறே?"

"முடியல அக்கா. டாக்டர் சொல்லியிருக்காரு."

"டாக்டர் சமைக்கச் சொன்னாரா இவ்ளோ? அளவா சமைக்கக் கையில்லாதவ, அளவா திங்கற வாய மட்டும் எங்கேர்ந்து வாங்கியாருவே?"

சரியாகத்தான் சொன்னார். கோபம் வந்தது. கோபத்தில் சின்னப் பாத்திரங்களைப் பரணிலிருந்து இறக்கினேன். ஒரு குழம்பு, ஒரு பொரியல், அதோடு சரி. உருண்டை கிடையாது, பாயசம் கிடையாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவேயில்லை. எனக்கு ராகிக் கஞ்சி, கீரைத்தண்டு, மோர். பசி ஒரு பக்கம் இருக்கட்டும், அது தண்ணீர் குடித்தால் அடங்கும். சமைக்காத கை அடங்கவில்லை. துணி பிழியும்போது விரல்கள் மாவு பிசைந்தன. என் பெண்களுக்குத் தலைவாரும்போது மனதுக்குள் தேங்காய் துருவினேன், கசகசா வறுத்தேன், இறக்கி ஆறவைத்தேன். தெருவில் எந்த வீட்டுத் தாளிப்பு வாசனை வந்தாலும், மிளகு ஒரு நிமிஷம் கூடிப்போச்சு என்று உள்ளே யாரோ சொன்னார்கள். வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். நன்றாக இருந்தது என்று அவர் சொல்லாத மாதங்கள் அவை.

பொழுது சாய்கிற நேரம்தான் ஆகாது. வயிற்றில் பழக்கம் ஒரு நாய்போல எழுந்து நிற்கும். பானை காலியாகத்தான் இருக்கும். இருந்தாலும் நின்று மலையைப் பார்ப்பேன்.

தண்டு ஒருநாள் நேராக நின்றது. அவர் குண்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். மறுபடி நின்றது.

"மூட்டைக்குக் கீழ," என்றார்.

புதுச்சேரிக்குப் போய் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தோம். அதற்கு முன்னால் என்னைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று வந்தவாசியிலிருந்து என் பிறந்த வீட்டு ஜனம் சொல்லி அனுப்பியது. பத்துப் பேராவது வருவார்கள். அமாவாசைக்கு மண்டியில் வேலை இருக்காது, அன்றைக்கே வரச்சொல் என்றார் வீட்டுக்காரர். மத்தியானத்துக்குமேல் பஸ்ஸில் வருவார்கள், வெயில் இருக்கும்போதே இலை போட்டுவிடலாம்.

எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. பெரிய பாத்திரங்களை இறக்கலாம். சாப்பிடப்போவது அவர்கள், நான் இல்லை. இதில் யாருக்கு என்ன கெடுதல்?

அன்று விடிகாலையில் அடுப்பை மூட்டினேன். பருப்புருண்டைக் குழம்பு. அவரைக்காய்க் கூட்டு. வேர்க்கடலைத் துவையல். புளிச்சோறு, வெறுஞ்சோறு. அப்பளம். தவலை நிறையப் பாயசம். உப்புக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை, வாசனையிலேயே பிடித்தேன். இத்தனை மாதம் கட்டிப்போட்டிருந்த கைகள் ஓடின. நாத்தனார் வாசற்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொடுத்தார். கனமானதையெல்லாம் அவர்தான் தூக்கினார். அவர் முகத்தில்கூட ஏதோ இளக்கம் இருந்தது.

"வாசன தெருக்கோடி வரைக்கும் போவுது. மலையில இருக்கற கொரங்கெல்லாம் எறங்கி வந்துடப்போவுது பாரு," என்றார்.

பஸ் நேரம் வந்தது. போனது. வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டுத் திரும்பிவந்து வாசலிலேயே நின்றார்.

"பஸ்ஸெல்லாம் மலையனூருக்குத் திருப்பிட்டான். அமாவாச. எனக்குத் தோணவே இல்ல பாரு."

மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசைக்கு அமாவாசை ஊரே திரண்டு போகும். எங்களுக்கு அது மண்டி விடுமுறை நாள், அவ்வளவுதான். யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"ஸ்டாண்டுல கால் வெக்க எடமில்ல, அத்தினி ஜனம் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு நிக்கிது. உங்க ஆளுங்க வந்தவாசியிலயே மாட்டிக்கினு இருப்பாங்க. எதுக்கும் இன்னொரு தரம் பாத்துட்டு வரேன்."

அவர் போனார். நாங்கள் இருவரும் அடுப்பங்கரையில் நின்றோம். பானைகள் வரிசையாக இருந்தன. ஜன்னலில் சூரியன் மலைமுடிக்கு ஒரு முழம் மேலே. என் பெண்கள் இருவரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். உருண்டைகள் குழம்பில் மிதந்தன. ஒன்றை எடுத்தால் என்ன? ஒன்று. ஒன்றில் நிற்குமா? இத்தனை பானையையும் கொட்டவேண்டும் என்றால் என் கையாலேயே கொட்டவேண்டும். ஆபரேஷனுக்குச் சில நாள்தான் இருந்தது. தராசுத் தண்டு கண்ணுக்குள் ஆடியது.

நாத்தனார் ஓர் இலையை எடுத்துத் தரையில் போட்டார். தண்ணீர் தெளித்தார். அதன்முன் உட்கார்ந்தார்.

"நீ திங்கவேணாம்," என்றார். "நீ தள்ளி நில்லு. பாயசத்த இப்படி நவுத்து."

"அக்கா, நீங்க ஒருவேளதானே."

"இன்னிக்கு ரெண்டு வேள."

"வேணாம் அக்கா. ஸ்டாண்டுல ஜனம் நிக்கிதாம். அவங்க ராத்திரியிலும் சாப்டுவாங்க. ஆளு வந்தா குடுத்தனுப்பலாம்."

"எந்த ஆளு வருவான்? என் தம்பி எப்ப வருவான்? மல முழுங்கிச்சுன்னா எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல. இவ்ளோவும் கெட்டுப்போவும். உன் வயித்துக்குத்தான் ஆகாது. என் வயித்துக்கு இன்னா வந்துச்சு?"

சிரிக்கவில்லை அவர். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எத்தனையோ விசேஷம், எத்தனையோ காய்ச்சல், எதிலும் விடாத விரதம். என் கை அடங்காமல் சமைத்ததற்கு அவர் அதை விடப்போகிறார். தவலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கரண்டி உள்ளே போனது.

நான் குனிந்து தவலையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

யோசிக்கவில்லை. அவர் கைக்கு எட்டாமல் எங்கேயாவது வைக்கவேண்டும், அவ்வளவுதான். மேடைவரை கொண்டுபோனேன். வைத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. நிமிர்ந்தபோது வயிற்றில் ஏதோ வெளியே வந்து நின்றுகொண்டது. அறுந்ததுபோல் இல்லை. யாரோ வாசலில் வந்து நின்று கதவைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது.

"அக்கா," என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. இலையைத் தாண்டி வந்து என்னைப் படுக்கவைத்தார். வழக்கம்போல் அழுத்தினேன். போகவில்லை. அவர் தன் காய்ந்த விரல்களால் அழுத்தினார். கல்போல இருந்தது. வலி அலை அலையாக வந்தது, குமட்டலோடு வந்தது. ஜன்னலில் மலை சூரியனை மறைத்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் உள்ளே வந்தார். ஒரு பார்வை பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி ஓடினார். பஸ் கிடையாது என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். மண்டியில் காலியாக நின்ற லாரியை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். பின்னால் சாக்குகளை அடுக்கி மெத்தைபோல் போட்டிருந்தது. என்னைத் தூக்கி ஏற்றும்போது, "லேசாதான் இருக்கே," என்று முனகினார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

தையல் பிரித்த அன்று டாக்டர் என் வயிற்றை விரலால் தொட்டுப் பார்த்துச் சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்பு பார்த்த உடம்போடு இதே அவசரத்தில் வந்திருந்தால் கத்தி வைக்கவே கை நடுங்கியிருக்கும் என்றார். அது பின்னால். அந்தச் சாயங்காலம் எங்களுக்கு அது தெரியாது. வலி ஒன்றுதான் தெரிந்தது, தூரம் ஒன்றுதான் தெரிந்தது.

லாரி உறுமிக்கொண்டு நின்றது. தெருப்பெண்கள் வாசல்களில் வந்து நின்றார்கள். நாத்தனார் என் சின்னப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரியின் பின்பலகையைப் பிடித்தபடி எம்பினார். முகம் மட்டும் தெரிந்தது.

"மத்தியானத்துலேர்ந்து ஏதாவது வாயில வெச்சியா? உண்மையச் சொல்லு."

"இல்ல அக்கா."

"உருண்டைல ஒண்ணு? ருசி பாக்க?"

"ஒண்ணும் இல்ல."

"வெறும் வயிறு. கத்தி வெக்க அதான் நல்லது." பலகையிலிருந்து கையை எடுத்தார். "இவ்ளோ சமைச்சவ திங்காம இருந்திருப்பாளான்னு ஆஸ்பத்திரியில நம்பமாட்டாங்க. கேட்டா என்னைச் சொல்லு. பக்கத்துலயே உக்காந்து பாத்தவ ஒருத்தி இருக்கான்னு சொல்லு."