குழாயடி வரிசையில் ஒரு வாம்

யுத்த காலத்தில் தாராவிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். எங்கள் சந்தில் எல்லாரும் திருநெல்வேலிப் பக்கம். அதுவும் கடலே கண்ணில் படாத ஊர்கள். குளத்து விராலும் கெளுத்தியும்தான் அவர்களுக்கு மீன். கடற்கரையில் பிறந்த நான், பக்கத்து மாஹிமில் மீன் விற்கும் ஒரு கோளி மீனவப் பெண்ணிடம் வாம் வாங்கி வந்தேன். வாம் என்றால் கடல் விலாங்கு. கைத் தடிமன், இரண்டு முழ நீளம், செதிலே கிடையாது. பிடித்தால் வழுக்கும் என்று குழாயடியில் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, பாம்பையா அறுக்கே?" எதிர்வீட்டு மதினி போட்ட கூச்சலில் சந்தே கூடிவிட்டது.

"மீனு மதினி. செவுளைப் பாருங்க, துடுப்பைப் பாருங்க" என்றேன். யார் பார்த்தார்கள்? பாம்பு தின்கிறவள் குடம் எங்கள் குடத்தோடு நிற்கக் கூடாது என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார்கள்.

சந்துக்கு ஒரே குழாய். பகலில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். முன்கூட்டியே குடமோ டப்பாவோ ஒரு செங்கல்லோ வைத்துவிட்டால் போதும், ஆள் நின்ற மாதிரி. மறுநாள் என் குடம் ஓரத்தில் உருண்டு கிடந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. கைப்பிள்ளைக்குக் கால் கழுவிவிடக்கூட வீட்டில் தண்ணீர் இல்லை.

"போயி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வா" என்றார் வீட்டுக்காரர். அந்தக் குழம்பில் நடுத்துண்டாகப் பார்த்துத் தின்றவரும் அவர்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீனை மீன் என்று சொன்னதற்கு மன்னிப்பா?

பிள்ளையை அவர் மடியில் போட்டுவிட்டு மாஹிமுக்கு நடந்தேன். இருந்ததிலேயே பெரிய வாமாக, தலையோடு வாங்கினேன். திரும்பி வந்தபோது வரிசையில் மூன்று குடங்கள் இருந்தன. நாலாவது இடத்தில் மீனை நீளவாக்கில் கிடத்திவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

தண்ணீர் வந்தது. மூன்று குடமும் நிறைந்தன. அடுத்தது என் முறை. என் குடத்தைத் தள்ளிய கால் ஒன்றுகூட முன்னால் வரவில்லை. தண்ணீர் சும்மா சாக்கடைக்கு ஓடியது. நான் அவசரப்படாமல் எழுந்து போய்க் குடத்தை நிரப்பினேன்.

"நாளைக்கும் இதையா கொண்டாந்து வைப்பே?" மதினியின் குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"குடத்தை நிக்க விட்டா குடம். இல்லாட்டி இதுதான்."

மறுநாள் என் குடம் வைத்த இடத்திலேயே நின்றது.