சின்னக் குண்டு

மகளுக்காகச் செய்யக் கொடுத்திருந்த ஏர்கன்னுக்குக் குண்டு பார்க்கக் குர்லாவில் ஒரு கடைக்கு நானும் அவளும் போயிருந்தோம். டப்பாவைத் திறந்ததும் ஈயமும் எண்ணெயும் கலந்த வாசனை வந்தது. தாராவிக் கோயில் கொடைத் திருவிழாவில் அப்பா போடும் பலூன் சுடும் கடையின் வாசனை.

என் சூம்பிய இடது கையால் அந்தக் கடைத் துப்பாக்கியைக் குண்டு போட மடக்க முடியாது. மற்றப் பிள்ளைகள் சுடுவார்கள். நான் பலூன் ஊதுவேன். ஒரு வருஷம் அப்பா எனக்கென்றே பட்டறையில் ஒரு துப்பாக்கி செய்து கொண்டுவந்தார். அதன் குண்டைப் பார்த்துச் சித்தப்பா சிரித்தார்.

"என்னண்ணே, கொசுவா சுடப் போறோம்?"

"சின்னக் குண்டுக்கு லேசான ஸ்பிரிங் போதும்லா. எம்பிள்ள தானே மடக்கணும்."

மடக்கிச் சுட்டேன். பலூன் வெடித்தது. சித்தப்பா இன்னொன்றை ஊதிக் கட்டினார்.

"பெரிய குண்டா எடுக்கவாப்பா?" என்றாள் மகள், குர்லா கடையின் டப்பாவைக் கிளறியபடி.

"உன் கைக்கு எது மடக்க லேசா இருக்கோ, அத எடும்மா," என்றேன். அப்பா எனக்கு எடுத்ததும் அதுதான்.