பல் பல்லாக நட்ட லில்லி

வடிவுக்குக் கை சும்மா இருந்து பழக்கமில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஆத்தா அப்பனோடு சிறுபிள்ளையாக வந்து பேத்துப்பாறை மலைக்கிராமத்தில் இறங்கிய நாள் முதல், அடுத்தவர் காட்டில்தான் அவளுக்குப் பிழைப்பு. மலைப்பூண்டு, கேரட், பீன்ஸ் என்று எதை நட்டாலும் வேனில் ஏறி வத்தலக்குண்டுச் சந்தைக்குப் போய்விடும். புருசன் போய்ச் சேர்ந்த பிறகு முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் மதன், "இனி அங்க ஒனக்கு என்ன சோலி கெடக்கு? வைகாசியில வந்து கூட்டிட்டு வந்துர்றேன்" என்று போனில் முடிவாகச் சொல்லிவிட்டான். மலையை விட்டு இறங்க அவளுக்கு மனசே இல்லை. ஆனால் இங்கே இன்ன சோலி என்று சொல்லவும் ஒன்றுமில்லையே, பாவம்.

அந்த மாசியில்தான் டவுன் பள்ளிக்கூட வாத்தியார் டிக்சன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார். அருவிக்குப் போகும் நடைபாதையோரம் புதராக மண்டிய உண்ணிச்செடியையும் டூரிஸ்ட் வீசிய பாட்டிலையும் அகற்றிவிட்டு, இந்த மலைக்கே உரிய காட்டுப் பூச்செடிகளை நடுவது அவர்கள் ஏற்பாடு. ஞாயிறுதோறும் வேலை. கூலி கிடையாது, டீயும் பன்னும் உண்டு. கூலி இல்லாத வேலையை ஆசைப்பட்டுச் செய்கிறவர்களை வடிவு அதற்குமுன் பார்த்ததில்லை. வேடிக்கை பார்க்கப் போனவள் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஒரு பை நிறையக் காட்டு லில்லிக் கிழங்கைக் கொடுத்து, "இந்த வளைவு ஒங்க பொறுப்புங்க" என்றார் டிக்சன். கிழங்கு வெள்ளை வெளேரென்று, அடுக்கடுக்காக, பூண்டு மாதிரியே இருந்தது. பூண்டு நடுகிறவளுக்கு நடச் சொல்லித் தரவேண்டுமா என்ன? பாறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் உடைத்தாள். பல் பல்லாகப் பிரித்து, வரிசை பிடித்து ஊன்றினாள். மற்றவர்கள் கிழங்கை முழுசாகப் புதைப்பதைப் பார்த்து, வெவரம் கெட்ட சனம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

சித்திரை மழை விழுந்ததும் மற்றவர்கள் நட்ட இடத்தில் தண்டு தண்டாகக் கிளம்பியது. வடிவின் வளைவில் வெறும் மண்தான். டிக்சன் கிளறிப் பார்த்துவிட்டு, "யாரு இதை உடைச்சது?" என்றார்.

"நாந்தான் சார். பூண்டை அப்படித்தான நடுவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு ஒன்றுமில்லை, ஆனாலும் வடிவுக்கு முகம் செத்துப்போனது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. துணிமணியை மூட்டை கட்டினாள். ஒரு கிழங்கைக்கூட உருப்படியாக நடத் தெரியாதவளுக்கு மலையில் என்ன வேலை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வைகாசியில் மதன் வந்தான். பையைத் தூக்கிக்கொண்டு இருவரும் பஸ்சுக்கு நடந்தபோது, நடைபாதை முக்கில் டிக்சன் பிடித்துக்கொண்டார்.

"எங்கேம்மா போனீங்க? வெரசா வந்து பாருங்க."

வளைவு முழுக்கப் பச்சைப் பொடி தூவியது போலிருந்தது. கிட்டப் போய்க் குனிந்தால், ஊன்றிய இடத்திலெல்லாம் விரல் நீளத்தில் ஒற்றை இலை.

"ஒவ்வொரு பல்லும் தனிச் செடியாயிருச்சு. ஆனா பூக்க மூணு வருசமாவது ஆகும். அதுவரைக்கும் புல்லு மூடிறாமப் பாத்துக்கணும். வாரத்துக்கு ஒருநா வர்ற எங்களால அது ஆகாது" என்றார் டிக்சன்.

வடிவு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். இலைக்கு இலை ஒட்டிக் கிடந்த புல்லை நுனிவிரலால் இழுத்துப் போட்டாள்.

"யம்மா, பஸ்சு வந்துரும்."

"ஏலே, நட்டவ களை எடுக்காமப் போவாளா? எம்புட்டுச் சோலி கெடக்கு, நீயே பாரு."

மதன் குனிந்து பார்த்தான். பிறகு அம்மாவின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பி நடந்தான்.