ஏணி உடைக்கும் அண்ணி

எங்கள் அண்ணிக்கு ஏணித் தொழிற்சாலையில் ஏணியை உடைக்கிற வேலை. நான் அங்கேயே பேக்கிங்கில் இருக்கிறேன், அதனால் தினமும் பார்க்கிறேன். ஒரே தடவையில் செய்த ஏணிகளை ஒரு லாட் என்போம்; ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றை எடுத்து, மேல்படியில் எடைக்கற்களை ஒவ்வொன்றாக மாட்டுவார். தாங்கினால் லாட் வெளியே போகும். மூட்டு விட்டால் மொத்தமும் பழைய இரும்பு. தயவு தாட்சண்யமே கிடையாது. வீட்டுச் சுவரில் நான் அடித்த அலமாரியில்கூடத் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் சாமான் வைக்க வந்தார். அது விழுந்தது தனிக்கதை.

போன மாதம் அவருடைய சொந்தத் தம்பி வெல்டிங் செய்த லாட்டே விட்டுப்போனது. அவன் எல்லார் முன்னாலும், "நீ அக்கா இல்ல, சாத்தான்!" என்று கத்தினான். அதோடு பேச்சையும் நிறுத்திவிட்டான். ஒரு ஜெபக்கூட்டமும் தவறாத அண்ணிக்கு அது நெஞ்சில் தைத்தது. அடுத்த லாட்டும் விட்டால் தம்பிக்கு வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த லாட் வந்த அன்று அண்ணி லீவு கேட்கக் கிளம்பினார்.

வழியில் மடக்கியவர் ஸ்டோர்காரம்மா. யூதர். அண்ணியோடு தினமும் சேர்ந்து சாப்பிடுவார், சண்டையும் போடுவார்.

"சாத்தான்னா கடவுளோட எதிரி, அக்கா. எதிர்த்து நின்னு கீழ விழுந்தவன். அந்தப் பேரை என் தம்பியே எனக்கு வச்சுட்டான்," என்று அண்ணி மூக்கைச் சிந்தினார்.

"அது உங்க சபையில. எங்களுக்கு அவன் கடவுள்கிட்டயே வேலை பாக்குறவன். மனுஷனைச் சோதிக்கிறதும், குத்தம் இருந்தா எடுத்துச் சொல்றதும்தான் அவன் வேலை. உத்தரவு இல்லாம ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியாது."

"எங்க சபையில அப்படிச் சொல்லித் தரலக்கா."

"ஒத்துக்காட்டிப் போ. நீ யார்கிட்ட சம்பளம் வாங்குற?"

"முதலாளிகிட்ட."

"ஏணி உடையணும்னு ஆசைப்படுறியா?"

"ஐயோ, அதெப்படி?"

"அப்ப நீ எங்க சாத்தான்டி, உங்க சாத்தான் இல்ல. போய் வேலையைப் பாரு."

அண்ணி தன் நம்பிக்கையில் இம்மியும் நகரவில்லை. அவருக்கு எதிரி எதிரிதான். ஆனால் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். லீவை மறந்து, தானே போய்க் கல்லை மாட்டினார், ஒன்றுகூடக் குறைக்காமல். தம்பி பார்க்காதவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிக் கல்லுக்கு ஏணி முனகியது. எனக்கு உயிரே போய்விட்டது. மூட்டு அசையவில்லை.

அப்பாடா என்று நான் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணி தேம்பித் தேம்பி அழுதார். தம்பி ஓடி வந்தான்.

"அதான் தாங்கிடுச்சே, அப்புறம் ஏன்க்கா அழற?"

"போன தடவையும் தாங்கணும்னு வேண்டிக்கிட்டேதான்டா மாட்டினேன்."