பழைய மெஷினில் திறக்காத ஃபைல்

வக்கீல்கள் அவளுக்கு வைத்த பெயர் பிழையில்லாதக்கா. நீதிமன்றத்துக்கு எதிரே, மாடி அறையில் மனுக்கள் டைப் அடித்துக் கொடுப்பவள். கணவனைப் பறிகொடுத்து வேலை தேடி வந்த தோழிக்குப் பாதி அறையை ஒதுக்கி மேசை போட்டுக் கொடுத்ததும் அவள்தான். பதினான்கு வருடமாக இருவரும் சேர்ந்தே சாப்பிட்டார்கள்.

தோழி புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாள். அக்காவுடையது பழசு; ஆனாலும் குறையில்லாமல் ஓடியது. அந்தச் சமயத்தில்தான் வக்கீல்கள் பென் டிரைவில் கொண்டுவந்த ஃபைல்கள் அக்காவின் திரையில் வெறும் கட்டங்களும் கிறுக்கல்களுமாக வரத் தொடங்கின.

"இது புது வெர்ஷன்ல அடிச்சதுக்கா. உங்க சாப்ட்வேர்ல திறக்கவே திறக்காது. குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள் தோழி.

"நல்லவேளை, நீயாவது இருக்கியே."

முதலில் வாரத்துக்கு ஒன்று போனது. பிறகு நாளுக்கு நான்கு. ஆறு மாதத்தில் வக்கீல்கள் படியேறியதும் நேராக அடுத்த மேசைக்கே போனார்கள். அக்கா தன்னையே நொந்துகொண்டாள். "பாவம், என் வேலையையும் சேத்து இழுத்துப் போட்டுக்கறா" என்று மகளிடம் தோழிக்காக வருத்தப்பட்டதும் உண்டு.

ஒரு மத்தியானம் தோழி ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். வக்கீல் குமாஸ்தா ஒருவர் வந்தார்.

"என்னக்கா, சும்மா உக்காந்திருக்கீங்க?"

"உங்க ஃபைலெல்லாம்தான் என் மெஷின்ல திறக்காதே."

"ஏன் திறக்காது? அதுக்குன்னே ஒரு சின்ன புரோகிராம் இருக்கு, இலவசம். எங்க ஆபீஸ் பழைய மெஷின்லயும் அதைப் போட்டுத்தான் ஓட்டறோம். போன வருஷமே சிடியில உங்களுக்குன்னு பக்கத்து மேசைக்காரங்க கையில குடுத்தேனே? போட்டுப் பாத்தும் சரிப்படலைன்னாங்க."

குமாஸ்தா தன்னிடம் இருந்ததைப் பத்தே நிமிடத்தில் ஏற்றிக் கொடுத்தார். ஃபைல் திறந்தது. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

அவர் போன பிறகு தோழி திரும்பி வந்தாள். திரையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன்டி?" என்றாள் அக்கா.

"எல்லாரும் உங்களைத்தான் கேட்டு வருவாங்க. இந்த ஒரு வருஷமாத்தான் என்னைக் கேட்டு வராங்க."

"என்கிட்ட சொல்லியிருந்தா பாதி வேலையை நானே குடுத்திருப்பேனே!"

"குடுத்திருப்பீங்க. எப்பவும் நீங்கதான் குடுக்கணும், நான் வாங்கிக்கணும்."

அவள் கண்ணில் துளி வெட்கம் இல்லை. கூடவே இருந்து குழி பறித்ததைவிட அக்காவுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

மாதக் கடைசியில் தோழி கீழ்த்தளத்தில் தனி அறை பிடித்துப் போனாள். வக்கீல்களில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். மீதிப்பேர் கீழேயே நின்றுவிட்டார்கள்.

"ஒரு தடவை பேசிப் பாரேன்மா" என்றாள் மகள்.

"சண்டை போட்டிருந்தாப் பேசலாம். தினமும் என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே ஏமாத்தினவகிட்ட என்னத்தைப் பேச?"

இப்போதும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தோழி சுவரோரம் ஒதுங்குவாள். அக்கா நிமிர்ந்து பார்க்காமல் ஏறிப் போய்விடுவாள்.