ஜவளகிரிப் பாறையில் ஒரு டப்பா

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் இருந்தார் அவர். ஒல்லியான உடம்பு, எப்போதும் தூக்கம் கலையாத கண்கள். எந்த டப்பாவை மூடினாலும் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், அடுத்தவர் சாப்பாட்டு டப்பாவாக இருந்தாலும்.

எங்களைச் சேர்த்தது ஜியோகேச்சிங் விளையாட்டு. பாறை இடுக்கில் ஒரு டப்பாவை ஒளித்து, இடக்குறிப்பை இணையத்தில் போடுவோம். ஜி.பி.எஸ். கருவியோடு தேடி வருபவர் உள்ளிருக்கும் பொம்மையோ சாவிவளையமோ ஒன்றை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒன்றை வைத்துப் போக வேண்டும். ஜவளகிரிப் பாறையில் மட்டும் யாரோ டப்பாவையே தூக்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு முறையும் இடுக்கை மாற்றி இவர் புதிதாக வைப்பார், அதுவும் போகும்.

டீக்கடையில் கூடிப் பேசினோம். சங்கிலி போட்டுப் பூட்டிவிடலாம் என்று அவரிடம் சொன்னேன்.

"பூட்டுனா அது நம்ம வீட்டு பீரோங்க. அப்பறம் விளையாட்டு எங்க இருக்குது?"

"அதுக்காகத் திருடனுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பீங்களா?"

"அவனும் அவ்ளோ தூரம் தேடி வந்துதானே எடுக்கறான்? நம்மாளுங்களே பாதிப்பேர் வர்றதில்லைங்க."

அன்றே அந்த இடக்குறிப்பை இணையத்திலிருந்து நீக்கினோம். சில மாதங்களில் ஆட்டமே கலைந்தது.

அடுத்த வருடம் ஜவளகிரிப் பக்கம் போனபோது மழைக்கு அந்தப் பாறையடியில் ஒதுங்கினேன். இடுக்கில் புது டப்பா. நான்கு மூலைகளும் இறுக அழுந்தியிருந்தன. உள்ளே ஒரு பொம்மைக் கார்.

இனி அங்கே தேடி வரக்கூடியவன் அந்தத் திருடன் ஒருவன்தான். அவனாவது வரட்டும் என்று வைத்தாரா?